எண்ணிட்ட பிரதியும் எண்ணப்படாத வாசகனும்

கையால் செய்த புத்தகம் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசும் வழக்கம் ஒன்று நம்மிடையே பரவிக்கொண்டிருக்கிறது. கர்ப்பக்கிருகத்தின் முன் நிற்பவனின் குரல் அது. காகிதத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். முகர்ந்து பார்க்கிறார்கள். தையலைப் பாராட்டுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் எண்ணையும் அதன் பக்கத்திலுள்ள கையெழுத்தையும் விரல் படாமல் சுட்டிக்காட்டுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது, அது எப்படி ஆகியிருக்கிறது என்று கேட்டால், கேட்டவன் ரசனையற்றவன் ஆகிவிடுகிறான். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு 'பிரச்சினை': வற்றிய ஆறு, இடிக்கப்பட்ட குடிசை, சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவன். ஆற்றைப் பற்றிய புத்தகத்தில் ஆற்று மணல் ஒட்டியிருக்கும். குடிசையைப் பற்றிய புத்தகம் கோணிச் சாக்கில் பைண்டு செய்யப்பட்டிருக்கும். மொத்தம் 25 பிரதிகள். அவற்றில் ஒன்றுகூட அந்த ஆற்றங்கரைக்கோ அந்தக் குடிசைக்கோ போகப்போவதில்லை.

சமூகப் பிரக்ஞையும் கலை நேர்த்தியும் ஒருங்கே கைகூடிய சாதனை என்று இதை என் நண்பர்கள் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இதுதான் நம் கவிதைகளுக்கும் இனி வழி என்கிறார்கள். நான் மறுக்கிறேன். மறுப்பதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதில் மாட்டிக்கொண்டிருப்பது காகிதமும் தையலும் மட்டுமல்ல, யாருக்காக எழுதுகிறோம் என்ற பழைய கேள்வியும்தான்.

கைக்கு நான் விரோதியல்ல. இந்த மாதிரிப் பத்திரிகைகள் பிறந்ததே கையால்தான். ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கிய கம்பாசிட்டரின் கை, டிரெடிலில் ஒவ்வொரு தாளாகக் கொடுத்து எடுத்தவனின் கை, கட்டுகளைக் கட்டித் தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு போன ஆசிரியரின் கை. ஆனால் அந்தக் கைகளை யாரும் காட்சிக்கு வைக்கவில்லை. கவிதை வெளியே வர அவை தேவைப்பட்டன, வந்ததும் மறைந்துகொண்டன. இன்றைய கை வேறு. பார்க்கப்படுவதற்காகவே வருகிற கை இது. கூச்சமில்லாமல் முன்னால் வந்து நிற்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் கவிதை எட்டிப் பார்க்கிறது.

மேற்கே இதற்கு 'ஆர்ட்டிஸ்ட்ஸ் புக்' என்று பெயர். ஓவியங்களைப் பற்றிய புத்தகம் அல்ல, புத்தகமே ஒரு கலைப்படைப்பு என்று பொருள். அந்தச் சிந்தனையில் உண்மையான பலம் உண்டு. மெக்சிகோக்காரரான உலிஸஸ் கரியோன் 1975-ல் எழுதிய பிரகடனம் புத்தகத்தை வார்த்தைகளைப் போட்டுவைக்கும் பெட்டியாகப் பார்க்க மறுத்தது. பக்கத்திலிருந்து பக்கத்துக்கு நகர்வதே ஓர் அனுபவம், அதைப் படைப்பாளி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டது. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அவர் ஒரு கடையும் திறந்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் சால் லெவிட், லூசி லிப்பார்ட் முதலானோர் சேர்ந்து 'பிரின்டட் மேட்டர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கவனிக்க வேண்டும்: இவர்கள் அத்தனை பேருக்கும் இந்தப் புத்தகம் கவர்ச்சியாக இருந்ததற்குக் காரணம் அது மலிவானது என்பதே. ஓவியக்கூடத்தின் சுவரையும் அதன் சொந்தக்காரனையும் தாண்டி, ஒரு கலைப்படைப்பு சில டாலர் விலையில் யார் வீட்டுக்கும் போகலாம் என்ற கனவு அது. நம் நண்பர்கள் பெயரை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு கனவைச் சுங்கச் சாவடியிலேயே விட்டுவிட்டார்கள்.

ஆகவே இத்தகைய ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். கை ஏன் வந்தது? எண்ணிக்கையை யார் தீர்மானித்தார்கள்? இடம் இந்தப் புத்தகத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தது?

எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது என் தொழில். நான் வங்கியில் குமாஸ்தா. எண்ணிட்டுக் கையொப்பமிட்ட காகிதங்களுக்கு நடுவில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவன். ரூபாய் நோட்டும் நல்ல காகிதம்தான், பருத்தியிலிருந்து செய்வது. அதிலும் எண் உண்டு, கையெழுத்து உண்டு, ஒரு வாக்குறுதிகூட உண்டு. ஆனால் அந்த எண்ணுக்காக யாரும் அதை விரும்புவதில்லை. ஒரு நூறு ரூபாய் நோட்டுக்குப் பதில் இன்னொரு நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் கவுண்டரில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எண் அங்கே அடையாளத்துக்கு, போலியைப் பிடிப்பதற்கு. 'பிரதி எண் 7, மொத்தம் 25' என்று பென்சிலால் எழுதுகிறபோது நடப்பது வேறு. இது 26-வது பிரதி வராது என்ற உத்தரவாதம். அதாவது ஒரு வாசகன் குறைவாக இருப்பான் என்பதற்கான வாக்குறுதிப் பத்திரம். எழுதியவனும் வாங்கியவனும் மூன்றாமவனுக்கு எதிராகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். குடிசையைப் பற்றிய புத்தகத்தில் அந்த மூன்றாமவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இது என்னுடைய குமாஸ்தா புத்தி என்று தள்ளிவிட முடியாது. இந்தக் கலையின் பிதாமகர்களில் ஒருவரே இதைக் கண்டுகொண்டார். எட் ரூஷே 1963-ல் 'இருபத்தாறு கேஸோலின் நிலையங்கள்' என்ற சின்னப் புத்தகத்தை வெளியிட்டார். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஓக்லஹோமா நகரம் வரையிலான சாலையில் உள்ள பெட்ரோல் பங்க்குகளின் புகைப்படங்கள். அவ்வளவுதான். அலங்காரம் இல்லை, அனுதாபம் இல்லை, கையால் செய்தது எதுவும் இல்லை. சாதாரண அச்சு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வேண்டாம் என்று அதைத் திருப்பி அனுப்பியது. அதையே அவர் 'ஆர்ட்ஃபோரம்' பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டார். முதல் பதிப்பின் 400 பிரதிகளுக்கும் அவர் எண் போட்டிருந்தார். இரண்டே ஆண்டுகளில், அப்படி எண் போட்டது பிசகு என்று ஒரு பேட்டியில் சொன்னார். 1967-லும் 1969-லும் மறுபதிப்புகள் வந்தன. 1969-ல் 3000 பிரதிகள். எண் இல்லை. இன்று அந்த முதல் பதிப்பைச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள் என்பது சந்தையின் சாமர்த்தியம். ரூஷேயின் பாவம் அல்ல. அவர் கதவைத் திறந்தார். நம்மவர்கள் அவர் மூடிவைத்த பழைய கதவைத் தேடிப் போகிறார்கள்.

இடத்தைப் பற்றிய புத்தகம் என்றால் அது எப்படி இருக்கும் என்பதற்கும் இது ஒரு பாடம். அந்தப் பெட்ரோல் பங்க்குகள் எந்தப் 'பிரச்சினை'யையும் பேசவில்லை. ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டும்போது ஒரு தேசத்தின் வெறுமை, அதன் தூரங்கள், எந்த ஊரையும் எந்த ஊரிலிருந்தும் பிரித்தறிய முடியாமல் செய்துவிட்ட ஒரு வாழ்க்கைமுறை எல்லாம் தாமாக வருகின்றன. இடம் அங்கே விஷயமாக இல்லை. வரிசையாக, இடைவெளியாக, புத்தகத்தின் நடையாகவே ஆகிவிட்டிருக்கிறது.

இனி கை. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு இங்கே இரண்டு வில்லியம்கள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். வில்லியம் பிளேக் 1789-லிருந்து தன் கவிதைகளைச் செப்புத் தகட்டில் தானே எழுதி, செதுக்கி, அச்சடித்து, மனைவியோடு சேர்ந்து வண்ணம் தீட்டி வெளியிட்டார். எழுத்தும் படமும் ஒரே தகட்டில், ஒரே கையிலிருந்து பிறக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஒரு காரணம். எந்தப் பிரசுரகர்த்தரையும் நம்பி நிற்கத் தேவையில்லை என்பது இன்னொன்று. கையை விட்டால் அவருக்கு வேறு கதி இருக்கவில்லை. ஆனால் புகைபோக்கிக்குள் ஏறும் சிறுவர்களைப் பற்றிய அவருடைய கவிதை உலகத்துக்கு எப்படிக் கிடைத்தது? அந்த வண்ணத் தாள்களால் மட்டும் அல்ல. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, படங்கள் இல்லாமல், சாதாரண ஈய எழுத்தில் கோத்த பதிப்புகள் வழியாகத்தான் பெரும்பாலான வாசகர்களுக்கு அவர் கவி ஆனார். படங்கள் போனதில் ஒரு நஷ்டம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனாலும் கவிதை நின்றது. நிற்கக்கூடிய கவிதை அது.

வில்லியம் மோரிஸ் இன்னும் சுவாரஸ்யமானவர். சோஷலிஸ்ட். தெருமுனையில் நின்று பேசியவர். அவர் 1891-ல் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகம் 1896-ல் சாஸரின் படைப்புகளைக் கொண்டுவந்தது. கைக்காகிதத்தில் 425 பிரதிகள், கன்றுத் தோலில் 13. காகிதப் பிரதியின் விலை 20 பவுன். அன்றைய தொழிலாளி பல வாரங்கள் உழைத்தால் கிடைக்கும் பணம். அழகான புத்தகம்தான், சந்தேகமில்லை. ஆனால் மோரிஸுக்கு ஒரு நேர்மை இருந்தது. தன் சோஷலிஸக் கற்பனைக் கதையை 1890-ல் அவர் முதலில் வெளியிட்டது 'காமன்வீல்' என்ற ஒரு பென்னிப் பத்திரிகையில், தொடராக. அலங்காரப் பதிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியதைத் தொழிலாளியின் விலையில் சொல்லிவிட்டு, பிறகு தன் ஆசைக்கு ஒரு பதிப்பு செய்துகொண்டார். நம் நண்பர்கள் முதல் காரியத்தைத் தாண்டிக் குதித்து நேரே இரண்டாவதுக்கு வந்துவிட்டு, அதற்கு முதல் காரியத்தின் பெயரைச் சூட்டுகிறார்கள். இதைப் பம்மாத்து என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

துக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஏனென்றால் சமூகப் பிரச்சினை என்று வந்ததும் விமர்சனத்தின் வாயை அடைக்க முதலில் எடுத்து நீட்டப்படுவது துக்கம்தான். 2007 மார்ச் 5-ஆம் தேதி பாக்தாதில், அல்-முத்தனபி தெருவில் ஒரு கார் குண்டு வெடித்தது. பத்தாம் நூற்றாண்டுக் கவிஞன் ஒருவன் பெயரைத் தாங்கிய புத்தகக் கடைத்தெரு அது. பலர் செத்தார்கள், கடைகள் எரிந்தன. சான்ஃபிரான்சிஸ்கோவில் கவிஞரும் புத்தகக் கடைக்காரருமான போ போஸொலே என்பவர் இதைத் தன் தெருவில் நடந்த சாவாகவே எடுத்துக்கொண்டார். உலகமெங்குமுள்ள கலைஞர்களை அழைத்தார். முதலில் ஒற்றைத் தாள் அச்சுகள் வந்தன, பிறகு இருநூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்கள் ஆளுக்கொரு புத்தகம் செய்தார்கள். அவர் துக்கம் உண்மையானது. ஒரு முழுத் தொகுதி பாக்தாதின் தேசிய நூலகத்துக்குப் போகவேண்டும் என்று அவர் நினைத்ததில், யாருக்காக இந்தப் புத்தகங்கள் என்ற கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை என்பதும் தெரிகிறது. அந்த மட்டில் அவருக்கு என் வணக்கம்.

ஆனால் தொலைவிலிருந்து இன்னொருவன் தெருவுக்குச் செய்யும் புத்தகத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அழிவு என்றதும் கைக்கு முதலில் வருவது கருகிய ஓரம், கிழிந்த தாள், வாசிக்க முடியாதபடி சிதைத்த எழுத்து. இவை பாக்தாதுக்கும் பொருந்தும், யாழ்ப்பாண நூலகத்துக்கும் பொருந்தும், எந்த எரிந்த ஊருக்கும் பொருந்தும். எந்த ஊருக்கும் பொருந்தும் அடையாளம் எந்த ஊரையும் சொல்வதில்லை. முத்தனபி தெருவின் உண்மையான புத்தகம் எது? 1990-க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், வெளியிலிருந்து புத்தகம் வராதபோது, தடை செய்யப்பட்டவற்றையும் கிடைக்காதவற்றையும் அந்தத் தெருவில் போட்டோகாப்பி எடுத்து விற்றார்கள். மங்கலான, கோணலான, ஓரம் வெட்டுப்பட்ட பிரதிகள். ஆட்களை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய பிரதிகள். கலைப்பொருள் என்று எந்தப் பேழையும் அவற்றை ஏற்காது. ஆனால் இடத்தின் கைரேகை அவற்றில்தான் இருந்தது.

அதே ஊரில், அதே காலத்தில், இன்னொரு வகைப் புத்தகமும் உருவாயிற்று. இராக்கிய ஓவியர்கள் குறிப்பேடுகளில் வரையத் தொடங்கினார்கள். 'தஃபாதிர்' என்று பெயர். 'தஃப்தர்' என்பதன் பன்மை. நம் வங்கிகளில் பழைய லெட்ஜர்களைக் கட்டிவைக்கும் தப்தரியின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. யுத்தமும் தடையும் கேன்வாஸையும் வண்ணத்தையும் எட்டாத பொருள்களாக ஆக்கியபோது, கிடைத்த காகிதத்தில், கைக்கடக்கமாக, பையில் போட்டு எல்லையைக் கடக்கக் கூடிய அளவில் அவர்கள் வேலை செய்தார்கள். தியா அஸ்ஸாவி, ரஃபா நாஸிரி, ஷாகிர் ஹஸன் அல் ஸயீத், ஹனா மால் அல்லா என்று ஒரு வரிசை. 2005-ல் அமெரிக்காவில் நாதா ஷபூத் இவற்றைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தார். ஹனா மால் அல்லா காகிதத்தையும் துணியையும் எரித்தும் கிழித்தும் வேலை செய்பவர். இங்கேயும் கருகல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அவர் எரிந்துகொண்டிருந்த ஊரில் உட்கார்ந்து எரித்தார். எரிதல் அவருக்குக் கையில் மிஞ்சியிருந்த ஒரு பொருள், காகிதத்தைப் போல, கரியைப் போல. குறிப்பேடுகள் ஒற்றைப் பிரதிகளே என்று என்னை மடக்கலாம். உண்மை. ஆனால் அந்த ஒன்று என்ற எண்ணை எழுதியது ஓவியன் அல்ல, தடை எழுதியது. அதைப் பற்றி அவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. நிர்ப்பந்தத்துக்கும் நாகரிகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதைக் கண்டுகொள்ளாத விமர்சகன் துணிக்கடையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

நிர்ப்பந்தம் கலையாவதற்கு இன்னும் இரண்டு உதாரணங்கள். கியூபாவில் மத்தான்ஸாஸ் என்ற ஊரில் 1985-ல் 'எடிஸியோனெஸ் விகியா' பிறந்தது. கவிஞர் அல்ஃப்ரெதோ ஸல்தீவாரும் ஓவியர் ரோலாந்தோ எஸ்தேவெஸும் அதன் தொடக்கத்தில் இருந்தவர்கள். சைக்ளோஸ்டைல் மாதிரியான ஓர் யந்திரம், பழுப்புக் காகிதம், துணித் துண்டு, நூல், காய்ந்த இலை, மணல். புத்தகத்துக்கு 200 பிரதிகள். சோவியத் உதவி நின்றுபோன 1990-களில் கியூபாவில் காகிதமே அரிதாயிற்று. அப்போதும் கவிதைகள் வந்துகொண்டிருந்தன. அங்கேயும் மணல் ஒட்டினார்கள். ஆனால் மணலும் இலையும் அங்கே 'இடத்தின் சின்னம்' அல்ல. கடையில் இல்லாதவற்றின் ஸ்தானத்தில் வந்தவை. ஓர் ஊர் தன்னிடம் இருப்பதைக் கொண்டு தன் கவிகளைப் படிக்கிறது. அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தவன் ஊரின் வறுமையையும் அதன் வீம்பையும் ஒரே சமயத்தில் தொடுகிறான்.

இரண்டாவது, போனஸ் அயர்ஸ். 2001-ல் அர்ஜென்டினாவின் பொருளாதாரம் குலைந்தது. வங்கிகளில் ஜனங்கள் போட்ட பணம் முடக்கப்பட்டது. வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்கள் இரவுகளில் தெருவில் அட்டை பொறுக்கிப் பிழைத்தார்கள். 2003-ல் வாஷிங்டன் குகுர்தோ என்ற கவிஞரும் அவர் நண்பர்களும் 'எலோயிஸா கார்தோனேரா' என்ற பதிப்பகத்தை ஆரம்பித்தார்கள். பொறுக்குபவர்களிடமிருந்து வழக்கமான விலைக்கு மேல் கொடுத்து அட்டை வாங்கினார்கள். உள்ளே போட்டோகாப்பி, வெளியே வெட்டிய அட்டையில் கையால் வண்ணம். விலை மிகக் குறைவு. ரிக்கார்தோ பிக்லியா, ஸெஸார் ஐரா போன்ற பெரிய எழுத்தாளர்கள் காசு வாங்காமல் படைப்புகளைக் கொடுத்தார்கள். இந்தப் புத்தகங்கள் அட்டை பொறுக்குபவனைப் 'பற்றி' இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை ஏதும் இல்லை. ஓர் அபத்தக் கதையாக இருக்கலாம், காதல் கவிதையாக இருக்கலாம். சமூகம் புத்தகத்தின் பேசுபொருளில் இல்லை, அதன் கணக்கில் இருந்தது: அட்டைக்கு யாருக்கு எவ்வளவு போயிற்று, வாங்கியவன் எவ்வளவு கொடுத்தான் என்பதில். லிமாவில், சாந்தியாகோவில், பொலிவியாவின் எல் அல்தோவில் என்று லத்தீன் அமெரிக்கா முழுவதும் இந்த முறை பரவியதற்குக் காரணம் அதை யாரும் எங்கும் செய்யலாம் என்பதுதான். இன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலகத்தில் இந்த அட்டைப் புத்தகங்களின் பெரிய சேகரம் ஒன்று இருக்கிறது. பேழைக்குப் போய்விட்டதே என்று எகத்தாளம் செய்ய வேண்டாம். பேழைக்குப் போவது பிற்பாடு நடக்கிற காரியம். பேழைக்காகவே பிறப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 1994-ல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் சென்னையிலிருந்து கையால் திரையச்சு செய்த புத்தகங்களை வெளியிடுகிறது. 2006-ல் வந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கறுப்புக் கைக்காகிதத்தில் மூன்று கோண்டு ஓவியர்கள் வரைந்த மரங்கள். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியாகக் கையால் இழுத்து அச்சிட்டது. உலகமெங்கும் பல பதிப்புகளாகப் போயிருக்கிறது. அந்தப் புத்தகத்தோடு எனக்குச் சண்டையில்லை. அது எந்தப் பிரச்சினையையும் பேசுவதாகப் பாசாங்கு செய்யவில்லை. கறுப்புத் தாள் அங்கே இரவு. காகிதத்தை மாற்றினால் புத்தகமே இல்லை. என் சண்டை, அதைப் பார்த்துவிட்டுக் கறுப்புத் தாள் வாங்கக் கிளம்பியவர்களோடு.

இன்னும் முக்கியமானது 2009-ல் அதே இடத்திலிருந்து வந்த 'சுனாமி'. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நம் கரையைத் துடைத்துப்போன அலையைப் பற்றியது. செய்தவர்கள் ஜாய்தேவ் சித்ரகார், மொய்னா சித்ரகார் என்ற வங்காளப் பட ஓவியர்கள். வங்காளத்தான் எப்படி நம் கடலைப் பற்றிச் சொல்லலாம் என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வியே தவறு. படச்சுருளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஓர் ஊரின் சேதியை இன்னோர் ஊருக்குப் பாடிக் காட்டுவதுதான் பட்டுவாக்களின் குலத்தொழில். புராணத்தையும் பாடுவார்கள், வெள்ளத்தையும் பாடுவார்கள். தூரத்துச் சாவைச் சுமந்து வருவது அவர்களுக்குப் பழகிய உரிமை. அந்தப் புத்தகம் மடிப்பு மடிப்பாக விரிந்து ஒரு நீண்ட சுருளாகிறது. மேலிருந்து கீழே அலை இறங்குவதைப் பார்க்க இரண்டு கைகளையும் விரிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பக்கம் பக்கமாக வெட்டி அச்சிட்டால் அலை செத்துவிடும். ஆகவே இங்கே கைவேலை உருவத்தின் தேவை. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சுருளை விரித்துக்கொண்டே பட்டுவா பாடுவார். சுற்றி நிற்பவர்கள் கேட்பார்கள். புத்தகத்தில் பாட்டு மௌன எழுத்தாகிவிட்டது. கூட்டம் ஒற்றை வாங்குபவனாகிவிட்டது. கூட்டத்துக்கு நடுவே விரிந்தது அலமாரியில் மடிந்து நிற்கிறது. இந்த நஷ்டத்தைச் சொல்லாமல் காகிதத்தின் மணத்தைப் பேசுகிறவனை நான் விமர்சகன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் இருக்கும் சோதனை எளிமையானது. புத்தகத்திலிருந்து கைவேலையை மனத்துக்குள் கழற்றிப் பாருங்கள். எதுவும் உடையவில்லை என்றால் அது ஜோடனை. ஏதாவது உடைந்தால் அது உருவம். மத்தான்ஸாஸின் பழுப்புக் காகிதத்தைக் கழற்றினால் ஓர் ஊரின் பிடிவாதம் போய்விடும். 'சுனாமி'யின் மடிப்பைக் கழற்றினால் அலை போய்விடும். கோணிச் சாக்கைக் கழற்றினால் குடிசைக் கவிதைக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. பல சமயம் அது எவ்வளவு மோசமான கவிதை என்பது தெரியவருகிறது, அதுதான் நஷ்டம். சாக்கு கவிதையின் பலவீனத்தை மறைக்க வந்தது. நல்ல கவிதைக்குச் சாக்கு தேவைப்படுவதில்லை, இரண்டு அர்த்தத்திலும்.

எதிர்வாதம் ஒன்று வரும் என்று எனக்குத் தெரியும். சிறுபத்திரிகைக்காரன் 300 பிரதி அடிப்பவன். இவன் எண்ணிக்கையைப் பற்றிப் பேசலாமா? பேசலாம். நம் 300 ஒரு தோல்வி. காசு இல்லாததால், கடைக்காரர் எடுக்காததால், படிக்க ஆள் வராததால் வந்த 300. முந்நூற்றியோராவது ஆள் வந்து கேட்டால் ஆசிரியர் பரணில் ஏறித் தூசி தட்டித் தேடி எடுத்துக் கொடுப்பார், காசுகூட வாங்கமாட்டார். அவர்களுடைய 25 ஒரு கொள்கை. இருபத்தாறாவது ஆள் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அது 25. சிறுபான்மையாக இருக்க நேர்வது வேறு. சிறுபான்மையாக இருப்பதை விலை போட்டு விற்பது வேறு.

இன்னொரு எதிர்வாதம்: தேவைக்கேற்ப அச்சிடும் யந்திரங்கள் வந்த பிறகு கவிதைப் புத்தகங்களெல்லாம் ஒரே முகத்தோடு வருகின்றன, ஐம்பதும் நூறுமாக, பளபளப்பான அட்டையில், யாரும் தொடாமலே பிறந்தவைபோல, அதற்கு மாற்றாகத்தான் கையைக் கொண்டுவருகிறோம் என்கிறார்கள். நோய் உண்மை. அந்தப் புத்தகங்களின் அசிரத்தை எனக்கும் எரிச்சல் மூட்டுகிறது. எழுத்துப் பிழை மலிந்த, ஓரம் விடாத, எந்தக் கவிதை எந்தப் பக்கத்தில் முடிகிறது என்ற யோசனையே இல்லாத அச்சு. ஆனால் அதற்கு மருந்து சிரத்தை, அரிதாக்குவது அல்ல. மெய்ப்புத் திருத்துவதும் கைவேலைதான். ஒரு வரியை எங்கே உடைப்பது, எந்தப் பக்கத்தை வெறுமையாக விடுவது என்று யோசிப்பதும் கரியோன் சொன்ன அதே காரியம்தான். ஓர் ஓவியனும் ஒரு கவியும் உட்கார்ந்து யோசித்தால் ஐம்பது ரூபாய்ப் புத்தகத்திலும் இது நடக்கும். அதில் யாருக்கும் காட்ட எதுவும் மிஞ்சாது என்பதால்தான் யாரும் செய்வதில்லை.

சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தார். தன் பிரசுரங்களைப் பையில் திணித்துக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். அந்தப் புத்தகங்களில் தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை. முகர்ந்து பார்த்தால் நியூஸ்பிரின்ட் வாசம்தான். ஆனால் தமிழ்ப் புதுக்கவிதை ஓர் இயக்கமாக எழுந்து நின்றது அந்தப் பையின் மேல்தான். அங்கேயும் ஒரு கை இருந்தது: சுமந்த கை. கைவேலையைக் கொண்டாடுகிறவர்கள் முதலில் அதைக் கொண்டாடட்டும்.

ஆற்றைப் பற்றிப் புத்தகம் செய்யும் நண்பருக்கு என் யோசனை இதுதான். மணலை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே போதுமான லாரிகள் அதை அள்ளிக்கொண்டு போய்விட்டன. கவிதையை நான்கு முறை திருத்துங்கள். மலிவான காகிதத்தில், எண் போடாமல் அச்சடியுங்கள். கரையோரத்து டீக்கடையில் ஐந்து பிரதிகளை வைத்துவிட்டு வாருங்கள். டீ கொட்டும், ஓரம் மடியும், ஒருவன் இரவல் வாங்கித் திருப்பித் தரமாட்டான். இதில் ஏதாவது ஒன்று நடந்தால்கூட அந்த 25 பிரதிகளுக்கும் நடக்காத ஒன்று நடந்திருக்கும். மறுக்கிறவர்கள் எழுதட்டும், இந்தப் பக்கங்களிலேயே பதில் சொல்கிறேன்.